பாத்திக் விற்று வாங்கிய நிலம்

1966-இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் சில ஓவியர்கள் இடம் வாங்கிக் குடியேறினார்கள். அந்தப் பணம் ஓவியம் விற்று வந்ததல்ல. துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலையைக் கற்று, கைவினைச் சங்கம் அமைத்து, விற்றுச் சேர்த்த பணம். சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படித்தான் எழுந்தது. முன்னின்றவர் கே.சி.எஸ். பணிக்கர்; அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர்.

படிப்பை முடித்து வெளியே வரும் மாணவனுக்கு அன்றைய சென்னையில் படம் வாங்க ஆள் கிடையாது. நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு வடிவம் வரையும் வேலை கிடைத்தால் யோகம். ஓவியர்கள் ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும் அங்கே வேலை பார்த்தவர்கள்தாம். பணிக்கர் போட்ட கணக்கு இது: வயிற்றுப்பாட்டைக் கைவினை பார்த்துக்கொள்ளட்டும், ஓவியம் யார் ருசிக்கும் வளைய வேண்டாம். துணிச்சலான ஏற்பாடுதான். ஆனாலும் கைவினை அடுப்படியில் வெந்தது, கலை கூடத்தில் உட்கார்ந்தது என்று ஒருவர் குறை சொன்னால் மறுப்பது கடினம்.

இந்தப் பிரிவினை பணிக்கர் காலத்தில் முளைத்ததல்ல. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர், பின்னாளில் அந்த ஓவியக் கல்லூரியாக வளர்ந்த கலைப்பள்ளியைச் சென்னையில் தொடங்கியபோதே அது இருந்தது. சிறிது காலத்தில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அரசுக்கு வேண்டியது ஓவிய மேதைகள் அல்ல. நன்றாக வரையத் தெரிந்த தொழிலாளர்கள். மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை என்று பட்டறைகள் நடந்தன. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு விதை போட்டதும் இந்தப் பள்ளிதான். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் இங்கே பாத்திரம் அடித்துப் பார்க்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது தனியார் நிறுவனமாக வளர்ந்து வெளியேறியது. நம் வீட்டு அலுமினியக் குண்டானுக்கும் நவீன ஓவியத்துக்கும் ஒரே தாய்வீடு!

1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றபின் பள்ளியின் முகம் மாறியது. பாறையை நெம்பும் தொழிலாளர்களை வடித்து மெரினாவில் நிறுத்தியவர் அவர். 1957-இல் பணிக்கர் அந்த நாற்காலிக்கு வந்தார். பாரிஸைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தால் நாம் யார் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1963 வாக்கில் தொடங்கிய அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் கணக்குக் குறிகளும், எழுத்துப்போல் இருந்தும் படிக்க முடியாத கிறுக்கல்களும் திரையை நிரப்பின.

இருந்தாலும் கைக்கும் கருத்துக்கும் இடையிலிருந்த சுவரை உண்மையில் உடைத்தவர்கள் சிற்பிகள் என்றே தோன்றுகிறது. பி.வி. ஜானகிராமை எடுத்துக்கொள்ளலாம். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசம் கல்லின் மேல் போர்த்திய மெல்லிய தகடு. அந்தத் தகட்டையே அவர் சிற்பமாக்கினார். செப்புத் தகட்டைத் தட்டிப் புடைக்கவைத்து, கம்பியைக் கோடாக வளைத்து அதன்மேல் ஒட்டினார். கல்லில் எடைதான் பேசும். இங்கே பேசுவது கோடு. மூலவர் இல்லாத கவசம் என்பது தத்துவம் போல ஒலிக்கலாம். அவருக்கு அது சுத்தியலின் வழியே வந்த யோசனை.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங் செய்தார். நாலாபுறமும் சுற்றிவந்து பார்க்கும் மேலைச் சிற்பத்துக்கு மாறாக, கோயில் உற்சவர்போல் முன்னால் நின்று பார்க்கும் சிற்பம் அவருடையது. சென்னையை அடுத்த படப்பையிலோ ஒரகடத்திலோ கேட்டுக்கும் கிரில்லுக்கும் பொறி பறக்கவிடும் பட்டறைக்காரருக்கு அவர் வேலை அந்நியமாக இராது.

சோழமண்டலம் தொடங்கிய மறு ஆண்டு, 1967-இல், அமெரிக்க ஓவியர் சால் லெவிட் இதற்கு நேர் எதிரான ஒரு கட்டுரை எழுதினார். யோசனைதான் படைப்பு, செய்து முடிப்பது வெறும் சடங்கு என்பது அதன் சாரம். பிறகு அவர் குறிப்பு எழுதித் தர, மற்றவர்கள் சுவரில் கோடு போட்டார்கள். இதை ஆலைத் தொழிலாளி கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார். எங்கோ ஓர் ஊரில் வரைந்த காரை ஒரகடத்து ஆலையில் பூட்டுவதும் இதே ஏற்பாடுதானே? புரட்சியாகப் பேசப்பட்ட அந்தக் கருத்து, ஆலையின் பழைய வேலைப் பிரிவினைக்கு மிக நெருக்கமானது.

சென்னைக் கல்லூரியில் படித்த பெனிதா பெர்சியால் வேறு பக்கம் போகிறார். சாம்பிராணியையும் மூலிகைப் பொடிகளையும் பிசைந்து உருவம் செய்கிறார். 2014 கொச்சி பினாலேயில் அவை மணத்தோடு நின்றன. இந்த வேலையைக் குறிப்பெழுதி அடுத்தவர் கையில் கொடுத்துவிட முடியாது. பிசையும்போது பதம் கையில் தட்டுப்பட வேண்டும்.

ஒரகடத்தில் 2013 முதல் ஆலை நடத்தும் ராயல் என்ஃபீல்டும், புல்லட் டேங்கின் பொன்னிறக் கோட்டை நெடுங்காலமாகக் கையால்தான் போட்டுவருகிறது: அளவுகோல் இல்லை, மென்முடித் தூரிகை, அசையாத மணிக்கட்டு. அந்தக் கோட்டைக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கலாமா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். கவசத்துக்குத் தகடு தட்டும் கம்மியரைப் பற்றி 1950-இல் கேட்டிருந்தாலும் இதே சிரிப்புதான் வந்திருக்கும். தகடு தட்டிய ஜானகிராமுக்குப் பின்னாளில் தேசிய விருதே கொடுத்தார்கள்.