நேரோட்டத்தின் இரைச்சல்: ஓர் அளவீட்டின் வரலாறு

மின்னோட்டத்தை நேரோட்டம், ஆடலோட்டம் என இருவகைப்படுத்துவர். மின்கலவடுக்கு தரும் நேரோட்டம் ஒரே திசையிற் செல்வது. ஏற்ற இறக்கம் அற்றது. ஆதலின் நேரோட்டத்தால் இயங்கும் கருவி அயலிலுள்ள வானொலிக்கு ஊறு செய்யாது எனக் கருதுதல் இயல்பே. ஆயின் வரலாறு காட்டும் உண்மை வேறானது. மின்கலவடுக்கு அமைதியாக இருக்கலாம். அதிலிருந்து மின்னைப் பெறும் கருவி அவ்வாறு இருப்பதில்லை. மோட்டரின் தூரிகையிற் பொறி எழும்போதும், திரான்சிற்றர் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை ஓட்டத்தைத் துண்டித்து இணைக்கும்போதும் உயர் மீடிறன் ஓட்டங்கள் பிறக்கின்றன. மின்னை உள்ளே கொண்டுவந்த கம்பிகள் வழியாகவே அவை வெளியேறி, அக்கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏனைய கருவிகளைச் சென்றடைகின்றன. இதுவே கடத்தல்வழி உமிழ்வு எனப்படுவது.

இவ்வுமிழ்வை அளந்து கட்டுப்படுத்த எழுந்த முயற்சிகளின் வரலாற்றை மூன்று வினாக்களின் வரலாறாக நோக்கலாம். இடையூற்றை நீக்கும் செலவை ஏற்பவர் யார்? எவ்வளவு இடையூறு மிகையானது? எந்தக் கம்பியில் வைத்து அதனை அளப்பது? இவற்றுள் எளியதுபோலத் தோன்றும் மூன்றாவது வினாவே மிகக் கடினமானதாக அமைந்தது.

முதல் வினா வானொலிக்கு முற்பட்டது. 1881இல் பேர்லினை அடுத்த லிஸ்ரர்பெல்டேயில் சீமென்ஸ் நிறுவனத்தார் மின்சார ட்ராம் வண்டியை ஓடவிட்டனர். அது நேரோட்டத்தால் இயங்கியது. பின்னர் ட்ராம் பாதைகள் நகரங்களிற் பெருகியபோது, தண்டவாளத்திலிருந்து நிலத்திற் கசிந்த ஓட்டம், நிலத்தையே மீள்வழியாகக் கொண்டிருந்த தந்தி, தொலைபேசிக் கம்பிகளைக் குழப்பியது. 1892ஆம் ஆண்டு ஏப்ரலில் இயற்றப்பட்ட ஜேர்மானியத் தந்திச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்கு ஒரு விதி வகுத்தது. ஒரு மின்னமைப்பால் மற்றொன்றுக்கு இடையூறு நேரின், அல்லது நேரும் என அஞ்சப்படின், பின்வந்த அமைப்பினாலோ பிற்காலத்து மாற்றத்தினாலோ அவ்விடையூற்றை விளைவித்தவரே தம் செலவில் அதனை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதே அவ்விதியின் சாரம். முந்தியவரின் உரிமையைக் காத்தமையால் அது நீதியான விதி எனலாம். எனினும், எவ்வளவு குழப்பம் இடையூறாகும் என்பதை அது கூறவில்லை.

1920களில் ஒலிபரப்பு பரவியதும் இரண்டாவது வினா முன்னெழுந்தது. வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டி வந்தபின், ஒருவர் இயக்கிய மோட்டர் மற்றொருவர் கேட்ட இசையைக் கெடுத்தது. ஒவ்வொரு நாடும் தனித்தனி அளவுகளை வகுப்பின் பொருள்களின் வாணிபம் தடைப்படும். எனவே சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவும் சர்வதேச ஒலிபரப்பு ஒன்றியமும் 1933இல் பாரிசிற் கூடி ஆராய்ந்தன. அதன் பயனாகத் தோன்றியதே சிஸ்பர் எனச் சுருக்கமாக வழங்கும் வானொலி இடையூறு பற்றிய சர்வதேச விசேட குழு. அதன் முதற் கூட்டம் 1934இல் நடைபெற்றது.

இக்குழு வளர்த்தெடுத்த அளவீட்டு முறை மனித செவியை அடிப்படையாகக் கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. எப்போதாவது எழும் ஒரு சொடுக்கைக் கேட்போர் பொறுத்துக்கொள்வர். அச்சொடுக்கே இடைவிடாது தொடரின் பொறார். இவ்வுணர்வை ஒரு மின்சுற்று பிரதிபலிக்குமாறு செய்தனர். 150 கிலோஹேட்சு முதல் 30 மெகாஹேட்சு வரையான பகுதிக்கு, ஏறத்தாழ 1 மில்லிசெக்கன் மாறிலியுடன் விரைந்து ஏற்றம் பெற்று, 160 மில்லிசெக்கன் மாறிலியுடன் மெல்ல இறங்கும் சுற்று அது. அடிக்கடி வரும் துடிப்புகள் மானியின் வாசிப்பை உயர்த்தும்; அரிதாக வருபவை அவ்வளவு உயர்த்தா. கேட்போரின் சினம் இங்ஙனம் ஓர் எண்ணாயிற்று.

மூன்றாவது வினாவை இரண்டாம் உலக யுத்தகாலத்து விமானம் கூர்மைப்படுத்தியது. அமெரிக்கப் போர்விமானங்களில் 28 வோல்ற்று நேரோட்ட வழங்கல் வழக்கிலிருந்தது. உலோக உடலே மீள்வழியாக அமைய, மின்பிறப்பாக்கியும் மோட்டர்களும் வானொலி வாங்கிகளும் ஒரே வழங்கலைப் பகிர்ந்துகொண்டன. வீட்டு வானொலியின் இரைச்சல் எரிச்சலூட்டுவதோடு நின்றுவிடும். மேகத்தினுள் வழிதேடும் விமானியின் வாங்கியில் எழும் இரைச்சலோ உயிருக்கு உலைவைக்கும்.

ஒரே மோட்டரை ஆய்வுகூட மேசையில் அளந்தால் ஒரு பெறுமானமும், விமானத்தில் அளந்தால் வேறொரு பெறுமானமும் கிடைத்தன. கருவி வெளியிடும் இரைச்சலின் அளவு, அது இணைக்கப்பட்ட கம்பியின் தடங்கலிலும் தங்கியுள்ளமையே இதற்குக் காரணம். எனவே ஒகையோ மாநிலத்து றைற் பீல்ட் விமானத்தளத்தில் இதற்கொரு செயற்கைக் கம்பி வகுக்கப்பட்டது. 5 மைக்ரோஹென்றித் தூண்டி அதன் உயிர்நாடி. ஒரு மீற்றர் கம்பியின் தூண்டுதிறன் ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி ஆதலின், அது விமானத்தினுட் செல்லும் சில மீற்றர் கம்பிக்கு ஈடாகும். தூண்டி நேரோட்டத்தைத் தடையின்றி விடும்; உயர் மீடிறன் இரைச்சலை மறிக்கும். மறிக்கப்பட்ட இரைச்சலைக் கொள்ளளவி ஒன்று 50 ஓம் தடங்கலுள்ள அளவைக்கருவிக்குத் திருப்பிவிடும். செயற்கை வலையமைப்பு என்று வழங்கும் இது, எல்லா ஆய்வுகூடங்களும் ஒரே பெறுமானத்தைப் பெற வழிசெய்தது.

1945இல் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் இணைந்து வெளியிட்ட ஜான்-ஐ-225 என்னும் நியமம் 150 கிலோஹேட்சு முதல் 20 மெகாஹேட்சு வரை அளக்கும் முறைகளை வகுத்தது. 1967இல் முப்படைகளுக்கும் பொதுவான மில்-எஸ்.ரி.டி. 461 வெளிவந்தபோது அணுகுமுறை மாறியது. வழங்கற் கம்பியில் 10 மைக்ரோபரட் கொள்ளளவியை இணைத்து, கம்பியிற் செல்லும் ஓட்டம் அளக்கப்பட்டது. ஆனால் உயர் மீடிறனில் அக்கொள்ளளவி ஏறத்தாழக் குறுஞ்சுற்றாகும்; உண்மைக் கம்பி அவ்வாறிருப்பதில்லை. 1993இல் வெளிவந்த அந்நியமத்தின் 'டி' திருத்தம் 50 மைக்ரோஹென்றி வலையமைப்பைப் புகுத்தி, 10 கிலோஹேட்சு முதல் 10 மெகாஹேட்சு வரை மின்னழுத்தத்தை அளக்கும் முறையை நிலைநாட்டியது. கால் நூற்றாண்டு கடந்து, செயற்கைக் கம்பி மீண்டது.

மோட்டர் வாகனத்துக்கென 1995இல் முதலில் வெளிவந்த சிஸ்பர் 25 நியமம் 5 மைக்ரோஹென்றியையே கொண்டது. வாகனத்தின் கம்பிகளும் விமானத்தினவை போலக் குறுகியவை என்பது நோக்கற்பாலது. மின்கலவடுக்கால் ஓடும் வாகனங்கள் பெருகவே, 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் உயர் அழுத்த நேரோட்டக் கம்பிகளுக்கும் சோதனைமுறை சேர்க்கப்பட்டது. சூரியப் பலகங்கள் கூரைகளில் ஏறியபோது அவற்றின் நீண்ட நேரோட்டக் கம்பிகள் அலைவாங்கிக் கம்பிகள் போன்று இரைச்சலைப் பரப்பின. 2015இல் வெளிவந்த சிஸ்பர் 11இன் ஆறாம் பதிப்பு, பொது மின்வலையுடன் இணையும் மாற்றிகளின் நேரோட்ட முனைகளுக்கு எல்லைகளை விதித்தது.

இவ்வளர்ச்சியில் முதலாவது வினாவின் விடையும் மாறியது. 1892இல் பொறுப்பு பின்வந்தவர்மீது சுமத்தப்பட்டது. ஐரோப்பிய சமூகம் 1989இல் நிறைவேற்றி, 1996 முதல் முற்றாகக் கட்டாயப்படுத்திய மின்காந்த ஒத்திசைவுப் பணிப்புரையோ, சந்தைக்கு வருமுன்னரே எல்லா உற்பத்தியாளர்மீதும் அப்பொறுப்பைச் சுமத்தியது. இடையூறு நேர்ந்தபின் எழும் வழக்கின் இடத்தை, அது நேருமுன் நடத்தப்படும் சோதனை பெற்றது.

அளவீடு என்பது இயற்கையிடமிருந்து நேரே பெறும் விடை என்றே பலரும் எண்ணுவர். கருவியின் இரைச்சல் இயற்கையின் விளைவுதான். ஆயின் அதனை எந்தக் கம்பியில், எந்தச் செவியால் அளப்பது என்பது மனிதர் கூடிச் செய்த உடன்பாடு. அவ்வுடன்பாடு இல்லையேல், தன் கருவி குற்றமற்றது என ஒவ்வோர் உற்பத்தியாளரும் தன் மேசையில் வைத்தே நிறுவிவிடலாம். விமானம், வாகனம், சூரியப் பலகம் எனக் கம்பி மாறுந்தோறும் உடன்பாடும் புதுப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. முதலிரு வினாக்களுக்கு விடை காணப்பட்ட பின்னரும் மூன்றாவது வினா முடிவுறாது தொடர்வதன் காரணம் இதுவேயாகும்.