பன்னாட்டு நிலநீரியலாளர் சங்கம்: பெருந்தொற்று ஆண்டுகள்

பன்னாட்டு நிலநீரியலாளர் சங்கம், நிலத்தடி நீரை ஆராய்வோருக்கும் அதை எடுத்துப் பயன்படுத்தும் திட்டங்களை வகுப்போருக்குமான உலகளாவிய தொழில்முறை அமைப்பு. 1956இல் மெக்சிகோவில் பன்னாட்டு நிலவியல் மாநாடு கூடியபோது உருவானது. செயலகம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே அறக்கொடை நிறுவனமாகப் பதிவு பெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உறுப்பினர்கள் உண்டு. ‘ஹைட்ரோஜியாலஜி ஜர்னல்’ இதன் ஆய்விதழ். 2020இல் தொடங்கிய கோவிட் முடக்கம் இச்சங்கத்தின் நடைமுறைகளைப் பெரிதும் மாற்றியது.

சங்கத்தின் உயிர்நாடி ஆண்டு மாநாடு. 46ஆவது மாநாடு 2019இல் ஸ்பெயினின் மலாகா நகரில் நடந்தது. அடுத்தது 2020இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் என்று முடிவாகியிருந்தது. விமானங்கள் நின்றன, எல்லைகள் மூடின, மாநாடு ஓராண்டு தள்ளிப்போனது. 2021 ஆகஸ்டில் நடந்தபோதும் யாரும் பிரேசிலுக்குப் போகவில்லை, முழுக்க இணையவழிதான். சில நாட்கள் கழித்து, செப்டம்பரில், 48ஆவது மாநாடு பிரஸ்ஸல்ஸில் நேரிலும் திரையிலுமாகக் கூடியது. ஓராண்டு கூடாமலிருந்த சங்கம் மறு ஆண்டில் இரண்டு மாநாடுகளை அடுத்தடுத்து நடத்த வேண்டியதாயிற்று. இதற்கிடையே தலைமையும் கைமாறியது: போர்ச்சுகலின் அன்டோனியோ ஷாம்பெல் வகித்த தலைவர் பொறுப்பு 2020இல் அமெரிக்காவின் டேவிட் கிரீமரிடம் வந்தது.

இணையவழிக் கூட்டத்துக்குப் பயணச் செலவில்லை, விசா இல்லை. ஆய்வு மாணவருக்கும், அரசு நீர்வளத் துறையின் கடைநிலைப் பொறியாளருக்கும் இது பெரிய வாசல். ஆனால் கடிகாரம் ஒத்துழைக்காது. ஆகஸ்டில் சாவோ பாவ்லோவில் காலை 9 மணி என்றால் பிரஸ்ஸல்ஸில் பிற்பகல் 2, சென்னையில் மாலை 5.30, சிட்னியில் இரவு 10. யாரோ ஒருவர் தூக்கக் கலக்கத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும்.

திரைக்குள் அடங்காதது களப்பயணம். மாநாட்டுக்கு வருகிறவர்கள் சுற்றுவட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைக் குகைகளையும் ஊற்றுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நேரில் பார்ப்பது இத்துறையின் பழைய வழக்கம். பாறையைக் கையில் உடைத்துப் பார்க்காமல் அதன் விரிசலில் நீர் எப்படி ஓடும் என்று பேசுவது, சமையலைப் படத்தில் பார்ப்பது போலத்தான். நீர்மட்டம் அளக்கும் வேலையும் அப்படியே. கண்காணிப்புக் கிணற்றின் மூடியைத் திறந்து, நுனியில் உணரி பொருத்திய அளவுநாடாவை மெல்ல இறக்க வேண்டும். உணரி நீரைத் தொட்டதும் மேலே உருளையில் ‘பீப்’ சத்தம் கேட்கும். கொஞ்சம் தூக்கி, மறுபடி இறக்கி, குழாயின் விளிம்பில் சென்டிமீட்டரைப் படித்துக் குறித்துக்கொள்வார்கள். தானியங்கிப் பதிவுக் கருவி பொருத்திய கிணறுகள் முடக்கத்தின்போதும் தாமாகவே பதிவுசெய்தன. ஆள் போய் அளக்கும் கிணற்றில் ஒரு மாதம் தவறினால் தவறியதுதான். போன மாதத்து நீர்மட்டத்தை இன்று போய் அளக்க முடியாது.

பெருந்தொற்று இத்துறையின் பொருளையே பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் ஓயாமல் சொன்னது; கழுவத் தண்ணீர் எங்கே என்பது பல ஊர்களில் நிலத்தடி நீரைப் பற்றிய கேள்வி. வீட்டு உபயோகத்துக்கு உலகம் எடுக்கும் நீரில் ஏறத்தாழ பாதி நிலத்துக்கு அடியிலிருந்து வருவதாக ஐ.நா.வின் 2022ஆம் ஆண்டு நீர்வள அறிக்கை கூறுகிறது. அந்த ஆண்டு உலகத் தண்ணீர் நாளின் கருப்பொருளும் நிலத்தடி நீர்தான்.

49ஆவது மாநாட்டை 2022இல் நடத்தியது சீனாவின் வூஹான்: தொற்று முதலில் கண்டறியப்பட்ட அதே நகரம். எல்லைக் கட்டுப்பாடுகள் அப்போதும் தளரவில்லை. வெளிநாட்டினர் பெரும்பாலும் திரையில்தான் கலந்துகொண்டனர். 50ஆவது மாநாடு 2023 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நேரடியாகக் கூடியது. 2018 வறட்சியில் குழாய்களை மூடும் நிலைக்குப் போய், நிலத்தடி நீருக்காகத் துளைபோட்ட நகரம் அது.