பார்வோ வைரஸ் குடல் அழற்சி

நாய்க்குட்டிகளுக்கு வரும் வயிற்றுக் கோளாறுகளில் மிக ஆபத்தானது பார்வோ. 1978-இல் நாய்களிடம் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. பெரும்பாலும் 6 வாரம் முதல் 6 மாதம் வரை வயதுள்ள குட்டிகளையே தாக்கும். மனிதருக்குத் தொற்றாது.

நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறும் வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வந்துவிடும். வாய்வழியே உடலுக்குள் போன 3 முதல் 7 நாட்களில் அறிகுறிகள் தெரியும். வேகமாகப் பெருகும் செல்களே இதன் இலக்கு. குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்கள் அழிவதால் சுவர் சிதைகிறது. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு வெள்ளணுக்கள் குறைகின்றன. குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் கலக்க வழி திறந்துவிடுகிறது.

முதலில் குட்டி சோர்ந்து படுக்கும், தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பிறகு வாந்தி, அதையடுத்து ரத்தம் கலந்த, கடும் நாற்றமுள்ள தண்ணீர்க் கழிச்சல். தோளருகே கிள்ளிவிட்ட தோல் உடனே படியாமல் நின்றால், ஈறு உலர்ந்து விரலில் ஒட்டினால், உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் ஒரு மணி நேரம் தாமதிப்பதும் தவறு.

வைரஸை உடனே ஒழிக்கும் மருந்து வழக்கமான சிகிச்சையில் இல்லை. நரம்பு வழியே சலைன் ஏற்றுவது, வாந்தியை நிறுத்தும் மருந்து, பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபயாடிக் ஆகியவையே குட்டியைத் தாங்கிப் பிடிக்கின்றன. முறையான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை இறந்துவிடும். வாந்தி நிற்கும்வரை பட்டினி போடுவது பழைய வழக்கம். மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகச் சீக்கிரமே உணவு கொடுப்பது குடல் தேற உதவும் என்பதே இன்றைய கருத்து. மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கக் கூடாது.

தடுப்பூசியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தாயிடமிருந்து சீம்பால் வழியே வந்த எதிர்ப்பொருள், குட்டிக்குப் போடும் ஊசியையும் செயலிழக்கச் செய்யக்கூடும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும்வரை ஊசி போடப்படுகிறது. ஒன்று போட்டாயிற்று என்று நிறுத்திவிட்டால் குட்டிக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்றே சொல்ல முடியாது.

நோய் கண்ட வீட்டில் வழக்கமான பினாயில் போதாது. மலத்தை முழுதும் அகற்றிக் கழுவியபின், 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையை 10 நிமிடம் ஈரமாக வைக்க வேண்டும். ஊசித் தொடர் முடியாத புதுக் குட்டியை அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.