சார்பும் சான்றும்: 'சூத்திரர்கள் யார்?' நூலை முன்வைத்து

ஒடுக்கப்பட்டோர் வரலாறு எழுதினால் அதில் சார்பு உண்டு என்பது கல்விப்புலத்தில் பழகிப்போன தீர்ப்பு. அம்பேத்கரின் 'சூத்திரர்கள் யார்?' (1946) என்ற நூலும் அதற்குத் தப்பவில்லை. பண்டைய இந்தியச் சூத்திரர்களைப் பற்றி 1958இல் நூல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா, அம்பேத்கர்மீது இரு குறைகளைச் சுமத்தினார். மொழிபெயர்ப்புகளை மட்டுமே நம்பினார் என்பது ஒன்று. சூத்திரர்களுக்கு உயர்பிறப்பை நிறுவும் முன்முடிவோடு எழுதினார் என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. முதலாவது சான்றைப் பற்றியது. தமக்குச் சமற்கிருதத்தில் புலமை இல்லை என்பதை அம்பேத்கரே முன்னுரையில் மறைக்காமல் கூறியுள்ளார். எந்த மொழிபெயர்ப்பு எங்கே பிழைபட்டது என்று காட்டினால், வாதம் அவ்விடத்தில் தளரும். இரண்டாவது குறையோ ஆளைப் பற்றியது. உயர்சாதி ஆய்வாளர் தம் முன்னோரைப் பற்றி எழுதும்போது இக்கேள்வி எத்தனை முறை எழுந்தது?

அதே முன்னுரையில் நம் தரப்புக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிராமண அறிஞர் தம் புனித நூல்களின் குறையை வெளிப்படுத்தத் தயங்குவார் என்னும் அம்பேத்கர், அந்நூல்கள் அனைத்தையும் கட்டுக்கதையெனத் தூக்கியெறியும் பிராமணரல்லாதாரின் போக்கும் வரலாற்றாசிரியருக்கு ஒவ்வாது என்கிறார். ஆகவே எதிர்த்தரப்பு நூல்களையே அவர் சான்றாகக் கொண்டார்.

மகாபாரதத்தின் சாந்தி பருவம், வேள்வி செய்த பைஜவனன் என்னும் சூத்திரனைக் குறிப்பிடுகிறது. யாஸ்கரின் நிருக்தமோ, ரிக்வேத அரசன் சுதாஸைப் பிஜவனனின் மகன் என்கிறது. இருவரும் ஒருவரே, எனவே சூத்திரர் ஒருகாலத்தில் சத்திரியரே என்பது அம்பேத்கரின் வாதம். பெயரொற்றுமை மெல்லிய இழைதான். இரு நூல்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. இதை நாம் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில், தீண்டாமை ஏறத்தாழ கி.பி. 400இல் தோன்றியது என்று அவர் கூறியதும், விடுபட்ட கண்ணிகளைக் கருதுகோளால் இணைத்துக்கொண்ட முடிவே. அதை அவர் மறைக்கவில்லை. மேடைகளில் அதை ஐயமற்ற உண்மையாக முழங்குவோரே மறைக்கின்றனர்.

சர்மாவின் முடிவையும் கவனிக்க வேண்டும். சத்திரியத் தோற்றத்தை ஏற்காத அவரும், ஆரியர்களுள் ஒரு பகுதியினர் சூத்திர நிலைக்குத் தாழ்த்தப்பட்டனர் என்றே எழுதினார். சூத்திரர் ஆரியரல்லாத தனி இனம் என்ற பழைய கொள்கையை அம்பேத்கர் மறுத்ததும் இதே இடத்தில்தான்.