எலிக்கூண்டில் எரிந்த சின்ன விளக்கு

நிகோடின் ஆராய்ச்சியின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு முரண் உறுத்திக்கொண்டே இருக்கும். லீவரை அமுக்கினால் கொகெய்ன் கிடைக்கும் என்றால் எலி விடாமல் அமுக்கும். நிகோடினுக்கு அந்த அளவு ஆர்வம் காட்டாது. சோதனைக்கூடத்தை மட்டும் பார்த்தால் நிகோடின் ஒரு சுமாரான போதைப்பொருள்தான். ஆனால் வெளியே, மனிதர்கள் விடமுடியாமல் தவிக்கும் பழக்கங்களில் முன்வரிசையில் நிற்பது சிகரெட். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? இதற்கு விடை கிடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இத்தனைக்கும் விடையில் பாதி ஆரம்பத்திலிருந்தே கூண்டுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது.

1954-லிருந்து தொடங்கலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, லீவரை அமுக்கினால் அங்கே லேசாக மின்சாரம் பாயும்படி செய்தார்கள். சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது. வெறும் அந்த மின்சாரத்துக்காகவே எலி திரும்பத் திரும்ப அமுக்கியது. 1962-ல் ஜேம்ஸ் வீக்ஸ் மின்சாரத்துக்குப் பதில் எலியின் ரத்தக்குழாயில் குழாய் செருகி மார்ஃபின் கொடுத்தார். அதற்கும் எலி அமுக்கியது. ஒரு பொருள் அடிமைப்படுத்துமா என்று கேட்டால், எலி அதற்காக லீவரை அமுக்குகிறதா என்று பார்ப்பது அதன்பிறகு வழக்கமான சோதனை ஆகிவிட்டது.

இது வெறும் அறிவியல் கேள்வியாக மட்டும் நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. 1964-ல் வந்த அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை, புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும்னு சொன்னது. ஆனால் புகையிலையை 'பழக்கம்' என்ற பட்டியலில்தான் வைத்தது, 'அடிமைத்தனம்' என்ற பட்டியலில் வைக்கவில்லை. சிகரெட் கம்பெனிகளுக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய கவசம். பழக்கம் என்றால் விடுவதும் விடாததும் அவரவர் இஷ்டம், கம்பெனிமேல் பொறுப்பு இல்லை. ஆக, எலி லீவரை அமுக்குமா என்பது நீதிமன்றம்வரை போகக்கூடிய கேள்வி.

1981-ல் ஸ்டீவன் கோல்ட்பெர்க்கும் அவர் சகாக்களும் சயன்ஸ் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அணில் குரங்குகள் நிகோடினுக்காக விடாமல் லீவரை அமுக்கின. அந்தச் சோதனையில், மருந்து வருவதற்கு முன் இடையிடையே ஒரு விளக்கு கொஞ்ச நேரம் எரியும். அந்த விளக்கை எடுத்துவிட்டால் அமுக்குவது குறைந்துபோனது. இதை ஞாபகத்தில் வச்சுக்குங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

அதே காலத்தில் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில், ஃபிலிப் மோரிஸ் கம்பெனியின் உள்ளேயே இரண்டு பேர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். விக்டர் டிநோபிள், பால் மிலே. இதயத்தைக் கெடுக்காத, ஆனால் நிகோடின் மாதிரியே வேலைசெய்யும் ஒரு மாற்றுப் பொருளைத் தேடுவதுதான் டிநோபிளுக்குக் கொடுத்த பணி. போகிற வழியில், எலி தானாகவே நிகோடினை ஏற்றிக்கொள்கிறது என்பதை இருவரும் காட்டிவிட்டார்கள். 1983-ல் கட்டுரை சைக்கோபார்மகாலஜி இதழுக்குப் போனது. கம்பெனி அதைத் திரும்பப் பெறவைத்தது. 1984 ஏப்ரலில் அந்த ஆய்வகத்தையே மூடிவிட்டார்கள்.

ஆனால் கேள்வியை மூட முடியவில்லை. 1988-ல் சர்ஜன் ஜெனரல் எவரெட் கூப், நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள்தான்னு அறிக்கையிலேயே சொல்லிவிட்டார். அதே வருஷம் இத்தாலியில் டி கியாரா, இம்பெராடோ இருவரும், நிகோடின் ஏற்றினால் எலி மூளையின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில் டோபமின் கூடுவதை அளந்து காட்டினார்கள். 1989-ல் டொரண்டோவில் கோரிகல், கோயன் இருவரும் எலிகளைத் தினமும் கொஞ்ச நேரம் மட்டும் லீவர் பக்கம் விட்டு, நிகோடினை நன்றாக ஏற்றிக்கொள்ள வைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு, 1994 ஏப்ரல் 14-ல் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உறுதிமொழி எடுத்து, நிகோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 28-ல், டிநோபிள் அதே குழுவின் முன் வந்து தன் எலிகளைப் பற்றிச் சாட்சி சொன்னார்.

வழக்கு முடிந்தது மாதிரி தோணும். ஆனால் அந்தப் பழைய முரண் அப்படியே இருந்தது. அடிமைப்படுத்தும் பொருள் சரி, ஏன் இவ்வளவு பலவீனமாக?

விடை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அந்தோனி கஜியூலா, எரிக் டானி, நாடியா சௌத்ரி ஆகியோரின் குழு மருந்தை விட்டுவிட்டு விளக்கைப் பார்க்க ஆரம்பித்தது. நிகோடின் ஏறும்போது கூண்டில் ஒரு சின்ன விளக்கு எரிவது வழக்கம். விளக்கை எடுத்தால் எலியின் ஆர்வம் சரிந்தது, கிட்டத்தட்ட நிகோடினையே எடுத்த அளவுக்கு. 2003-ல் டானி இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு கூட்டம் எலிகள் அமுக்கினால் விளக்கும் நிகோடினும் வரும். இன்னொரு கூட்டம் அமுக்கினால் விளக்கு மட்டும்தான் வரும், நிகோடின் அவை என்ன செய்தாலும் தன்பாட்டுக்கு ஏறும். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு அமுக்கின. அதாவது, அமுக்கியதில் பெரும்பகுதி நிகோடினுக்காக இல்லை, விளக்குக்காக. நிகோடின் செய்தது அந்தச் சாதாரண விளக்கின் மதிப்பை ஏற்றிவிட்டது.

எங்கள் மென்பொருள் துறையில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் எழுதுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1997-ல் ஷூல்ட்ஸ், டயான், மாண்டேகு மூவரும், டோபமின் செல்கள் சொல்வது பரிசின் அளவை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை என்று காட்டினார்கள். ஏற்கெனவே கணினிக்காக எழுதிவைத்த டெம்பொரல் டிஃபரன்ஸ் கணக்கும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. 2004-ல் மார்கரெட் ரைஸும் ஸ்டெஃபனி கிராகும் மூளைத் துண்டங்களில் நிகோடினைச் சோதித்தார்கள். டோபமின் செல்கள் மெதுவாக முனகும்போது வெளிவரும் டோபமினை நிகோடின் அமுக்கிவிடுகிறது. பரிசு வரும்போது அந்தச் செல்கள் படபடவென்று வெடிக்குமே, அதை மட்டும் விட்டுவிடுகிறது. மின்னணுவியல் படித்தவர்கள் இதை ஹை-பாஸ் ஃபில்டர் என்பார்கள். பின்னணி இரைச்சல் குறைந்தால் சாதாரண சத்தமும் ஓங்கிக் கேட்கும். சாதாரண விளக்கும் அப்படித்தான் பெரிய பரிசாகத் தெரிந்திருக்கலாம்.

விட முயற்சிக்கிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கு. நிகோடின் பேட்ச் ரத்தத்துக்கு நிகோடினைக் கொடுத்துவிடும். ஆனால் சாப்பிட்ட பிறகு வரும் அந்த அஞ்சு நிமிஷம், விரலுக்கு நடுவில் இருக்கும் பாரம், கூட நிற்கிற ஆள், இதெல்லாம் பேட்ச்சில் வராது. எலிக்கு ஒரு விளக்கு என்றால் மனுஷனுக்கு இப்படி நூறு விளக்கு. நிகோடின் அத்தனையின் விலையையும் ஏற்றி வைத்திருக்கிறது. விட்டவர் இழப்பது ஒரு பொருளை மட்டுமல்ல, அவருடைய நாளின் பல சின்னச் சின்ன சந்தோஷங்கள் கொஞ்ச காலத்துக்கு மங்கிப்போகின்றன. அதை மனஉறுதி இல்லாத்தனம்னு சொல்வது அநியாயம். பலவீனமான போதைப்பொருள்தானே என்ற வாதமும் இங்கேதான் உடைகிறது. அந்தப் பலவீனத்துக்குப் பின்னால்தான் அதன் பலம் இருந்தது.

டிநோபிளும் மிலேயும் எலிகளை வைத்துச் செய்த அந்த நிகோடின் வேலை கடைசியில் 2006-ல் சைக்கோபார்மகாலஜியில் அச்சேறியது. அதே வருஷம், அதே இதழில், பிட்ஸ்பர்க் குழுவின் இன்னொரு சோதனையும் வந்தது. அதில் எலிகளுக்கு இரண்டு லீவர். ஒன்றில் நிகோடின், மற்றதில் வெறும் விளக்கு. எலிகள் அதிகம் அமுக்கியது விளக்கை.