ஒட்டியவரும் வெட்டியவரும்

"ஏய், ஒட்டாதடி!"

நான் போட்ட சத்தத்தில் மகள் கையிலிருந்த கோந்து டப்பா கீழே விழுந்தது. அவளுக்கு எட்டு வயது. மேஜையில் பள்ளிக்கூட நோட்டு விரிந்து கிடந்தது. அதில் ஏற்கெனவே ஆறேழு பேஸ்பால் வீரர்கள் வரிசையாக ஒட்டப்பட்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். வெயில் காலம் வந்தால் இங்கே தெருவுக்கு ஒரு வீட்டில் வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். கராஜ் சேல் என்று பெயர். அப்படி ஒரு வாசலில் ஷூ பெட்டி நிறைய பேஸ்பால் கார்டுகளை ஐந்து டாலருக்கு வாங்கி வந்திருந்தேன். எனக்கு பேஸ்பால் ஆட்டத்தை முழுசாகப் பார்க்கும் பொறுமைகூடக் கிடையாது. ஆனால் பழைய கார்டு ஒன்று கோடிக்கணக்கில் ஏலம் போனதாக எப்போதோ படித்த செய்தி மண்டைக்குள் இருந்தது. ஆசை யாரை விட்டது?

"பின்னாடி பசை பட்டா அதோட மதிப்பே போயிடும்" என்றேன்.

"எவ்ளோ மதிப்புப்பா?"

தெரியவில்லை. அன்று ராத்திரி பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு விலை தேட உட்கார்ந்தேன். இரண்டு மாதம் அதிலேயே போயிற்று. விலையைவிட அதிகமாக என்னைப் பிடித்து வைத்துக்கொண்டவர்கள் இரண்டு மனிதர்கள். ஒருவர் கார்டுகளை ஒட்டியவர். இன்னொருவர் வெட்டியவர்.

*

கதை சிகரெட் பெட்டிக்குள் ஆரம்பிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகின. வெறும் அட்டையை ஏன் வைக்க வேண்டும், அதில் ஒரு படத்தைப் போடு என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நடிகைகள், பறவைகள், கொடிகள், பேஸ்பால் வீரர்கள். அப்பா சிகரெட்டைப் பிடித்தார், பையன் அட்டையை எடுத்துக்கொண்டான்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் பல பிராண்டு சிகரெட்டுகளில் பேஸ்பால் வீரர்களின் வண்ணப் படங்களை வைத்தது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அட்டைகள். 500க்கும் மேற்பட்ட வகைகள். அதில் ஒருவர் ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஆட்டக்காரர். 1936இல் பேஸ்பாலின் புகழ்கூடத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேரில் ஒருவர். இவருடைய கார்டு மட்டும் கொஞ்ச நாளிலேயே அச்சாவது நின்றுவிட்டது. குழந்தைகள் தன் படத்துக்காக சிகரெட் வாங்குவதை வாக்னர் விரும்பவில்லை என்று ஒரு கதை உண்டு. கேட்ட காசு கிடைக்காததால் மறுத்துவிட்டார் என்பது இன்னொரு கதை. மனிதர் புகையிலை போடுகிறவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எப்படியோ, இன்று உலகத்தில் அந்தக் கார்டு சுமார் 60தான் மிச்சம்.

ஒரு பொருளை வேண்டாம் என்று ஒருவர் சொன்னதால் அது அரிதாயிற்று. இந்த வரலாறு முழுக்க இதே விஷயம் திரும்பத் திரும்ப வரும்.

*

இப்போது ஒட்டியவர். ஜெஃபர்சன் பர்டிக். 1900இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். சிராக்யூஸ் நகரத்து மின்சாதனத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைப் பொருத்தும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பதுகளிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் மடங்க ஆரம்பித்தன. அந்த விரல்களால் அவர் செய்த ஒரே காரியம், அட்டைகளைச் சேர்த்தது.

பேஸ்பால் மட்டுமில்லை. சோப்புக் கம்பெனி விளம்பர அட்டை, மிட்டாய்க் காகிதம், தபால் அட்டை, சுருட்டில் சுற்றிய காகித வளையம் என்று அச்சாகி, எல்லோர் கைக்கும் போய், குப்பைக்குப் போகவிருந்த எதையும் விடவில்லை. மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். அதில் சுமார் 30 ஆயிரம் பேஸ்பால் கார்டுகள். விளையாட்டில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை என்கிறார்கள்.

சேர்ப்பது ஒரு பக்கம், வரிசைப்படுத்துவதல்லவா பெரிய வேலை? எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எத்தனை அட்டை என்று யாரிடமும் கணக்கில்லை. பர்டிக் ஒரு முறையை உருவாக்கினார். 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ஒரு எழுத்து, 20ஆம் நூற்றாண்டுப் புகையிலைக்கு ஒரு எழுத்து, பபிள்கம்முக்கு ஒன்று. எழுத்துக்குப் பின்னால் ஒரு எண். 1939இல் பட்டியலை வெளியிட்டார், பிறகு திருத்தித் திருத்திப் பதிப்பித்தார். வாக்னர் கார்டு வந்த வரிசையை இன்று ஏலக்காரர்கள் டி206 என்று பயபக்தியோடு சொல்கிறார்களே, அது பர்டிக் போட்ட எண்தான்.

இதையெல்லாம் அவர் விற்கவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்துக்கு அப்படியே கொடுக்க முன்வந்தார். ரெம்ப்ராண்ட் செதுக்கோவியங்கள் இருக்கும் அச்சுப்படப் பிரிவில் பபிள்கம் அட்டைகள். அங்கே பொறுப்பிலிருந்த ஹயட் மேயர் சரி என்றார், ஆனால் இவ்வளவையும் அடுக்கிக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான் என்று சொல்லிவிட்டார். 1947இல் ஆரம்பித்த வேலை. கடைசியில் பர்டிக் நியூயார்க்குக்கே குடிவந்து, அருங்காட்சியகத்தின் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டத் தொடங்கினார். விரல்கள் மடங்கிப்போன ஒருவர், லட்சக்கணக்கான துண்டு அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பசை தடவி, நேராக வைத்து அழுத்துவதை நினைத்துப் பாருங்கள்.

1963 ஜனவரி 10 அன்று ஒட்டி முடித்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார்.

அவர் ஒட்டியதில் ஒரு வாக்னர் கார்டும் உண்டு.

*

பர்டிக்கைப் பற்றிப் படித்தபோது நெகிழ்ந்துதான் போனேன். ஆனால் அந்த ஆல்பங்களில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது அவர் செய்த பிழையில்லை.

டி206 வரிசையில் டை காப் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு மட்டும் நான்கு விதமான கார்டுகள். அந்த 500 சொச்சத்தில் ஒரு கறுப்பினத்தவர்கூடக் கிடையாது. பெரிய லீக்குகளில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. 19ஆம் நூற்றாண்டு விளம்பர அட்டைகளில் கறுப்பினத்தவர் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் கேலிச்சித்திரமாக. நிஜப் பெயரோடும் முகத்தோடும் இல்லை.

ஜோஷ் கிப்சன் என்று ஒருவர். வாக்னரின் அதே பிட்ஸ்பர்க் பகுதியில், கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீக்குகளில் ஆடியவர். பந்தை அடித்து விரட்டுவதில் பேப் ரூத்தோடு ஒப்பிடப்பட்டவர். அவர் ஆடிய காலத்தில் அமெரிக்கக் குழந்தை ஒன்று பபிள்கம் வாங்கி, காகிதத்தைப் பிரித்து, உள்ளே ஜோஷ் கிப்சனைப் பார்த்திருக்க வழியே இல்லை. 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி அந்த நிறத் தடையை உடைத்தார்.

2024இல் நீக்ரோ லீக் கணக்குகளையும் அதிகாரப்பூர்வ புள்ளிவிவரத்தில் சேர்த்தார்கள். வாழ்நாள் அடி சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் கீழே இறங்கினார். முதலிடம் கிப்சனுக்கு. காப்புக்கு நான்கு கார்டு, கிப்சனுக்கு ஒன்றும் இல்லை. சேகரிப்பவர் குப்பையைக் காப்பாற்றலாம். அச்சிடப்படாததை எப்படிக் காப்பாற்றுவார்?

*

பர்டிக் ஒட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் புரூக்ளினில் சை பெர்கர் என்ற இளைஞர் வேறொரு வேலையில் இருந்தார். டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனிக்காக, வுடி கெல்மன் என்ற சக ஊழியரோடு தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து புதிய பேஸ்பால் கார்டை வடிவமைத்தார். பெரிய அளவு, வண்ணப் படம், கையெழுத்து, பின்பக்கம் புள்ளிவிவரம். 1952இல் வந்தது. அந்த வருஷத்தின் கடைசித் தொகுப்பு கடைக்கு வரும்போது பேஸ்பால் பருவமே முடியப்போகிறது. பையன்கள் கால்பந்துக்குத் தாவிவிட்டார்கள். பெட்டி பெட்டியாகத் தேங்கியது.

பல வருஷம் கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டிகளை 1960 வாக்கில் ஒரு படகில் ஏற்றிப்போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பின்னாளில் பெர்கரே சொன்னார். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லையாம். கடலுக்குள் போன அந்தத் தொகுப்பில் 311ஆம் எண் கார்டும் இருந்தது. மிக்கி மேன்டில். கடலுக்குப் போகாமல் தப்பிய அதே 311களில் ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்த நாட்டில் அறுபது, எழுபது வயதுக்காரர் யாரிடமாவது கார்டுகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "என்கிட்ட எல்லாமே இருந்தது, எங்கம்மா தூக்கிப் போட்டுட்டாங்க" என்பார். பாவம் அந்த அம்மாக்கள். ஆனால் அவர்கள் தூக்கிப் போட்டதால்தான் மிச்சமிருப்பதற்கு இந்த விலை.

*

விலை வந்ததும் வெட்டியவர் வருகிறார். பில் மாஸ்ட்ரோ, கார்டு உலகத்தின் பெரிய ஏலக்காரர். 1985இல் ஒரு வாக்னர் கார்டை 25 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். பழைய கார்டுகளில் முதலில் தேய்வது ஓரமும் மூலையும். ஆனால் இது பின்னாளில் வெளியே வந்தபோது ஓரங்கள் கத்திபோல் இருந்தன. 1991இல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்தார்கள்.

அதே வருஷம் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் ஆரம்பித்தது. கார்டைப் பரிசோதித்து, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துக் கொடுப்பது இவர்கள் தொழில். அவர்கள் முதன்முதலில் மதிப்பெண் போட்டது இந்த வாக்னருக்குத்தான். எட்டு மதிப்பெண். கை மாறி மாறி 2007இல் 28 லட்சம் டாலருக்குப் போயிற்று.

2013இல் வேறு ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, மாஸ்ட்ரோ இதையும் சொன்னார். அந்தக் கார்டின் ஓரங்களை வெட்டியது தான்தான் என்று. 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இருவருமே அட்டையின் மேல் கை வைத்தவர்கள்தான். சந்தையின் கணக்கில் பார்த்தால் பர்டிக்தான் பெரிய குற்றவாளி: ஆயிரக்கணக்கான அரிய கார்டுகளின் முதுகில் பசை தடவியவர். மாஸ்ட்ரோ விலையைக் கூட்டியவர். ஆனால் பர்டிக்கின் பசை எதையும் மறைக்கவில்லை. மாஸ்ட்ரோவின் வெட்டு, பல வருஷம் பல கைகள் தொட்டுத் தேய்ந்த தடத்தை அழித்தது. ஒரு பொருள் பழசு என்பதற்கு அந்தத் தேய்மானம்தானே சாட்சி?

*

கையெழுத்திட்ட பந்துகளின் கதை இதைவிட மோசம். அட்டை அச்சடித்தது, கையெழுத்தை யாரும் போடலாம். அந்தக் காலத்தில் நட்சத்திர வீரர்களுக்குச் சலித்துப்போனால் உடைமாற்றும் அறையின் எடுபிடிப் பையனே அவர்கள் பெயரை எழுதிக் கொடுத்த வழக்கமும் உண்டு.

அதனால் பந்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் கையெழுத்துக்கு முன்னால் மற்றதையெல்லாம் பார்ப்பார்கள். பந்தில் லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும்; அவர் பதவிக்கு வந்தது வீரர் இறந்த பிறகு என்றால் கதை முடிந்தது. மையும் சாட்சி சொல்லும். அமெரிக்காவில் பால்பாயின்ட் பேனா கடைக்கு வந்தது 1945 அக்டோபரில். லூ கெரிக் இறந்தது 1941இல். கெரிக் பால்பாயின்ட்டில் போட்ட கையெழுத்து என்று யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

1990களின் இறுதியில் எஃப்.பி.ஐ. ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. ஆபரேஷன் புல்பென் என்று பெயர். பந்து பழசாகத் தெரிய மேலே ஷெல்லாக் பூசியிருந்தார்கள். சிக்கியவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்களும் இருந்தன! கொல்கத்தாவில் யார் பேஸ்பாலை நீட்டினார்கள் என்று வாங்குகிறவர் யோசிக்க மாட்டாரா? ஆசை கேள்வி கேட்காது. ஐந்து டாலர் ஷூ பெட்டியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

2001 முதல் மேஜர் லீக் பேஸ்பாலே சாட்சி வைக்கிறது. போலீஸ் அனுபவம் உள்ளவர்கள் மைதானத்தில் இருந்து கண்ணால் பார்த்து, பந்தில் எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டுகிறார்கள். முன்பு பக்கத்து வீட்டுப் பையன் சொன்னால் நம்பினோம்.

*

என் பெட்டிக்கு வருகிறேன். அதிலிருந்தவை பெரும்பாலும் 1988 முதல் 1991 வரை வந்தவை. பழைய கார்டு பெரிய விலைக்குப் போகிறது என்று தெரிந்ததும் அந்த வருஷங்களில் அமெரிக்காவே கார்டு வாங்கிக் குவித்திருக்கிறது. பிள்ளைகளின் காலேஜ் செலவுக்காகும் என்று பிரிக்காமலே பெட்டியாக வாங்கிப் பரண்மேல் வைத்தவர்கள் உண்டு. கம்பெனிகளும் அதற்கேற்ப அடித்துத் தள்ளின. யாரும் தூக்கிப் போடவில்லை. எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனாலேயே எதற்கும் விலையில்லை. என் மொத்தப் பெட்டியும் நான் கொடுத்த ஐந்து டாலர் பெறாது.

மகளிடம் போய்ச் சொன்னேன். "ஒட்டிக்கோ."

"மதிப்புப் போயிடாதா?"

"இல்லாதது எப்படிப் போகும்?"

அவள் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். மீசை வைத்தவர்கள் ஒரு பக்கம், வைக்காதவர்கள் ஒரு பக்கம். கண்ணாடி போட்டவர்களுக்குத் தனிப் பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு எழுத்தும் எண்ணும் எழுதினாள். யாரும் சொல்லித் தரவில்லை. மீசையும் கண்ணாடியும் சேர்ந்த ஒருவர் கையில் வந்தபோது மட்டும் திகைத்து என்னைப் பார்த்தாள்.

கோந்து காய்வதற்குள் இருவரும் உட்கார்ந்து அவருக்கு ஒரு எண் யோசித்தோம்.