மருத்துவர் இல்லாத இடத்தில் மருத்துவம்: தோட்டத்து டிரெசர் முதல் எச்.ஐ.வி. தாதியர் வரை

முன்னுரை

ஜொகூர் மாநிலம் பொந்தியான் மாவட்டத்தில் அன்னாசியால் பெயர் பெற்ற சிற்றூர் பெக்கான் நானாஸ். இத்தகைய ஊர்களில் நோயாளி முதலில் காண்பது பெரிய மருத்துவமனையின் வல்லுநரை அன்று; சுகாதார நிலையத்தின் தாதியையே ஆகும். வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டிய எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தாதியர் தலைமையில் சிகிச்சை அளிக்கலாமா, அளித்தால் அதன் பயனை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாக்கள் மருத்துவத் துறைக்கு மட்டுமே உரியவை எனத் தோன்றலாம். ஆயின், மலேசியத் தமிழர் வரலாற்றில் இவை புதியன அல்ல. இவ்வரலாற்றுத் தொடர்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்து டிரெசர்

மலாயா இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் அறிந்த மருத்துவர் பெரும்பாலும் 'டிரெசர்' எனப்பட்ட மருத்துவமனை உதவியாளரே. பட்டம் பெற்ற மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவாகக் குறித்த நாள்களில் வந்து செல்வார். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் டிரெசரின் பணிகள். ஆயினும் அவருக்கு ஊதியம் அளித்தது தோட்ட நிருவாகம். நோயாளியின் நலனுக்கும் முதலாளியின் கணக்குக்கும் இடையே அவர் நிற்க வேண்டியிருந்தது. இவ்வுதவியாளரைப் பதிவு செய்து முறைப்படுத்தும் சட்டம் 1965இல்தான் இயற்றப்பட்டது.

1950களில் கெடா மாநிலத்து ஜித்ராவில் ஊரகச் சுகாதாரப் பயிற்சி நிலையம் உருவாயிற்று. பின்னர் விரிந்த ஊரகச் சுகாதாரத் திட்டத்தில் தலைமை நிலையம், துணை நிலையம், மருத்துவச்சி நிலையம் என மூன்று அடுக்குகள் அமைந்தன. ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையமும், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையமும், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையமும் இலக்காகக் கொள்ளப்பட்டன. இங்கும் மக்களை நேரில் கண்டவர் தாதியரே. எனினும் அவர்க்குப் பயிற்சியும் மேற்பார்வையும் மேல்நிலைக்கு அனுப்பும் வழியும் இருந்தன. தோட்டத் தொழிலாளரின் மருத்துவமோ பெரும்பாலும் முதலாளியின் பொறுப்பாகவே விடப்பட்டது. இரண்டு இடங்களிலும் மருத்துவர் அருகில் இல்லை. வேறுபாடு, பின்னால் நின்ற அமைப்பில் இருந்தது.

தென்னாப்பிரிக்கச் சான்று

எச்.ஐ.வி. சிகிச்சையில் இவ்வினா கூர்மையாக எழுந்த நாடு தென்னாப்பிரிக்கா. நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர், மருத்துவர்களோ சிலரே. 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் பணிப்பகிர்வு பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2010இல் தென்னாப்பிரிக்க அரசு, தாதியரே சிகிச்சையைத் தொடங்கலாம் என்னும் கொள்கையை மேற்கொண்டது.

அந்நாட்டின் பிரீ ஸ்டேட் மாநிலத்து 31 சுகாதார நிலையங்களில் நடந்த 'ஸ்ட்ரெட்ச்' ஆய்வு 2012இல் வெளியாயிற்று. குலுக்கல் முறையில் தேர்ந்த நிலையங்களில் பயிற்சி பெற்ற தாதியர் மருந்தைத் தொடங்கினர், தொடர்ந்தும் எழுதினர். ஏனைய நிலையங்களில் அப்பொறுப்பு மருத்துவரிடம் இருந்தது. மருந்துக்குக் காத்திருந்தோரின் இறப்பு விகிதத்தில், மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஏற்கெனவே மருந்துண்டோருள் குருதியில் நச்சுயிர் அடங்கியிருந்தோர் தாதியர் பிரிவில் 71 விழுக்காடு. மற்றப் பிரிவில் 70 விழுக்காடு.

இம்முடிவினைக் கவனமாகப் படித்தல் வேண்டும். தாதியர் மருத்துவரை விஞ்சினர் என அது கூறவில்லை. சிகிச்சையின் தரம் குறையவில்லை என்றே கூறுகிறது. மருந்து வழங்கப்பட்டோரின் எண்ணிக்கையை மட்டும் இவ்வாய்வு அளவுகோலாகக் கொள்ளவில்லை. உயிர் பிழைத்தல், நச்சுயிர் அடங்கல் ஆகியவற்றையே அளந்தது. தோட்டத்து டிரெசரின் பணி இத்தகைய அளவுகோலால் மதிப்பிடப்பட்டிருந்தால் நம் முன்னோர் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கலாம்.

மலேசிய நிலை

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி 1986இல் கண்டறியப்பட்டார். 1998 முதல் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்குப் பரிசோதனை செய்யப்படுகிறது. 2003இல் வழங்கப்பட்ட அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்தின்வழி இந்தியாவிலிருந்து மலிவான மருந்துகள் தருவிக்கப்பட்டன. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. இவ்வெற்றியில், தாய்சேய் நலப் பிரிவுகளில் பரிசோதித்து, ஆற்றுப்படுத்தி, வராதவரைத் தேடிச் சென்ற தாதியரின் பங்கு பெரிது. எனினும், மருந்தைத் தொடங்கும் பொறுப்பு மலேசியாவில் மருத்துவரிடமே உள்ளது.

முடிவுரை

மருத்துவர் பணியைப் பிறர் ஆற்றுவது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. பயிற்சி, மேற்பார்வை, தடையற்ற மருந்து வழங்கல், மேல்நிலைக்கு அனுப்பும் வழி ஆகிய நான்கும் அமைந்தால் அது மக்களுக்கு அருகில் வரும் மருத்துவம். அமையாவிடின் ஏழைக்கு ஒதுக்கப்பட்ட மலிவு மருத்துவம். எனவே தாதியர் தலைமையிலான திட்டம் ஒன்றை மதிப்பிடுவோர் முதலில் இந்நான்கினையும் வினவுதல் வேண்டும். நோயாளி இடையில் நின்றுவிடாது தொடர்ந்தாரா, பிழைத்தாரா என்பதே அதற்கு அடுத்த வினா. இழிவுக்கு அஞ்சித் தன் ஊர் நிலையத்தைத் தவிர்த்துத் தொலைவூர் செல்லும் நோயாளியையும் அக்கணக்கில் சேர்த்தாதல் வேண்டும். தோட்ட மருத்துவத்தின் வரலாறு இன்றைய சுகாதார ஆய்வுக்கு வழங்கும் பாடம் இதுவே எனலாம்.